பிக்கப் வண்டிக்கு ஷாக் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டியோ, மணலியில் கம்பி ஏற்றும் வண்டியோ, வடசென்னையில் ஓடும் பிக்கப்புக்கு ஷாக் அப்சார்பர் சீக்கிரம் தேயும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓடுகிற அதே தடத்தில்தான் இந்தச் சின்ன வண்டிகளும் ஓடுகின்றன. தேய்வது இயல்பு. ஆனால் மாற்றும்போது தப்பானதை வாங்கிவிட்டு, சில மாதத்திலேயே மறுபடி பட்டறையில் வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. வண்டி நின்றால் அன்றைய வாடகையும் போச்சு.

அதிகம் நடக்கிற தவறு இதுதான்: “லோடு ஏத்துனா பின்னாடி உக்காருது, ஹெவியா ஒரு ஷாக் குடுங்க” என்று கடையில் கேட்பது. சாதாரண ஷாக் சுமையைத் தாங்காது. தாங்குவது கமான் பட்டை, அதாவது ஆக்சிலோடு அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் வளைந்த இரும்புப் பட்டைகள். ஷாக்குக்குள் ஒரு பிஸ்டன், எண்ணெய், சின்னச் சின்ன வால்வுகள். பட்டை அமுங்கி எழும்போது பிஸ்டன் ஏறி இறங்கும். எண்ணெய் அந்தத் துளைகள் வழியாகச் சிரமப்பட்டுத்தான் போக முடியும். அந்தத் தடையில் ஆட்டம் அடங்கி, சூடாக மாறி வெளியேறிவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. வண்டி பின்னால் உட்கார்ந்தால் முதலில் பட்டையைப் பாருங்கள். ஒன்று ஒடிந்திருக்கலாம், வளைவு போய் நேராகியிருக்கலாம். இல்லையென்றால் ஆர்.சி.யில் போட்டிருக்கும் எடையைத் தாண்டி ஏற்றுகிறீர்கள்.

தேவைக்கு மேல் விறைப்பான ஷாக் போட்டால் வேறு தொல்லை வரும். விடியற்காலையில் முழு லோடோடு போகிற மீன் வண்டி, திரும்பும்போது காலியாகத்தான் வரும். காலி வண்டியில் பட்டையே விறைப்பாக நிற்கும். ஷாக்கும் விறைத்தால் பின்சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளும். ஈரச் சாலையில் பிரேக் மிதித்தால் பின்பக்கம் ஒதுங்கும். அதனால் கம்பெனி சொன்ன ரகமே போதும் என்பதுதான் என் கருத்து.

அடுத்தது நீளம். கூடுதல் பட்டை போட்டு வண்டியை உயர்த்தியிருந்தால் பழைய அளவு பொருந்தாமல் போகலாம். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஷாக் கடைசி வரை இழுபட்டு, மேல் பிராக்கெட்டையே பிய்க்கும். நீளம் அதிகமானால் முழு லோடில் உள்ளே முட்டி உடையும். முழுக்க விரிந்த நீளம், முழுக்க அமுங்கிய நீளம், இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்குவதும் தப்பு. ஒரே பெயரில் 1.3 டன், 1.7 டன் என்று தனித்தனி வண்டிகள் வருகின்றன. சேஸ் நம்பரையும் கழற்றிய பழைய ஷாக்கையும் கையோடு கொண்டுபோனால் முனையில் உள்ள ரப்பர் புஷ்ஷின் ஓட்டை, போல்ட் தடிமன் எல்லாம் கடையிலேயே ஒப்பிட்டுவிடலாம். ஒரு பக்கம் மட்டும் போனாலும் அந்த ஆக்சிலில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஷாக் போய்விட்டதா என்று பாடியை அழுத்திப் பார்ப்பது காருக்குச் சரி. விறைப்பான பட்டை உள்ள பிக்கப்பில் அது பெரிதாக எதையும் சொல்லாது. லேசான எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். எண்ணெய் வழிந்து, அதில் மண் ஒட்டி, குழாய் கறுத்திருந்தால் முடிந்தது. டயரைக் கையால் தடவிப் பாருங்கள். ஆங்காங்கே குழி விழுந்தது போல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக்கையும் சந்தேகப்படுங்கள்.

மீன் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீரில் உப்பு கலந்திருக்கும். அது ராடில், அதாவது ஷாக்குக்குள் பிஸ்டனோடு சேர்ந்து ஏறி இறங்கும் கம்பியில் படிந்தால், பளபளவென்று இருக்கும் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அந்தச் சொரசொரப்பு ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் எண்ணெயை அடைத்து வைக்கும் ‘சீல்’ வளையத்தைக் கிழிக்கும், எண்ணெய் வெளியே வரும். ராடை நன்றாக மூடும் கவர் உள்ளதை வாங்குங்கள். லோடு இறக்கியதும் வண்டிக்கு அடியிலும் நல்ல தண்ணீர் அடியுங்கள். பழைய ஷாக்கில் எண்ணெய் நிரப்பி, பெயிண்ட் அடித்து மலிவாகத் தருவார்கள். ராட் அரித்திருந்தால் எந்தப் பெயிண்டும் அதைக் காப்பாற்றாது.

நல்ல ஷாக்கையும் மாட்டும்போது கெடுத்துவிடலாம். பிளையர் போட்டு ராடைப் பிடிக்க விடாதீர்கள். ஒரு கீறல் போதும் சீல் போக. எண்ணெய் ஷாக் கடையில் படுத்துக் கிடந்திருக்கும், உள்ளே காற்று சேர்ந்திருக்கும். அதனால் மாட்டும் முன் நிமிர்த்தி வைத்து, சில தடவை இழுத்து அமுக்க வேண்டும். அப்புறம், வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. முதல் லோடு அடித்துவிட்டு வந்ததும் மேல் நட், கீழ் நட் இரண்டிலும் ஸ்பேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.