குரல் உடைந்ததற்குக் காரணம் வை-ஃபை

ஒப்பந்த அடிப்படையில் வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கிறேன். மாதச் சம்பளம் கிடையாது. பேசிய நிமிடங்களுக்குத்தான் பணம். சென்ற ஐப்பசியில், "அம்மா, நீங்கள் பேசுவது விட்டுவிட்டுக் கேட்கிறது" என்று மூன்று முறை சொன்ன பெரியவர் ஒருவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். பழுதான குளிர்சாதனப் பெட்டியில் இன்சுலின் வைத்திருந்தவர் அவர். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஹெட்செட்டை மாற்றினேன், பயனில்லை. வேகச் சோதனையோ 100 எம்பிபிஎஸ் காட்டியது. ஒரு குரல் அழைப்புக்கு 100 கேபிபிஎஸ், அதாவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும், ஆகவே அதிக வேகத் திட்டத்துக்கு மாறுவது வீண் செலவு. கணினியிலிருந்து ரவுட்டரின் முகவரிக்கே பிங் (ஒரு சிறு தகவல் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனை) கொடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: 3 மில்லி விநாடி, 4, திடீரென்று 280, மறுபடி 5. கோளாறு வெளியே இல்லை; கூடத்து ரவுட்டருக்கும் என் அறைக்கும் இடையிலான வை-ஃபையில்தான். கதவு நிலையை ஒட்டி 15 மீட்டர் லேன் கேபிள் இழுத்தேன். அதன்பின் அந்த எண் 1-ஐத் தாண்டவே இல்லை.

மின்வெட்டைச் சமாளிக்க ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வாங்கினேன். வாங்குமுன் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். 9 வோல்ட் ரவுட்டருக்கு இதை மாட்டினால் அது கெட்டுப்போகலாம். எல்லாம் என் கைக்காசு. ரசீதுகளை மட்டும் தொழில் செலவுக் கணக்குக்காக ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.