பங்குனியில் பிள்ளைகளோடு ஒரு மாடித்தோட்டம்

சின்னப் பிள்ளைகளோடு செடி வளர்க்க நினைத்தால் எது சீக்கிரம் முளைக்கும் என்பதை மட்டும் பாருங்கள். நான்கு வயதுப் பிள்ளை தக்காளிக்காக இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்காது. விதை போட்ட மூன்றாவது, நான்காவது நாளில் ஏதாவது தலைகாட்ட வேண்டும். அது நடந்துவிட்டால் மறுநாள் காலை உங்களை எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போவது பிள்ளைதான்.

மதுரையில் பங்குனி பிறந்ததும், அதாவது மார்ச் நடுவில், தொடங்குவது நல்லது. மே முதல் வாரம் அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் கீரையைப் பறித்துவிடலாம், வெண்டையும் காய்க்கத் தொடங்கியிருக்கும்.

முதலில் சிரட்டை

எடுத்தவுடன் தொட்டிக்குப் போக வேண்டாம். தேங்காய்ச் சிரட்டையின் கண்ணைத் துளைத்து, பாதி மண் நிரப்பி, இரவு ஊறவைத்த பாசிப்பயறையும் வெந்தயத்தையும் தூவச் சொல்லுங்கள். மேலே மெல்லிசாக மண். இரண்டு மூன்று நாளில் முளை வந்துவிடும். வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து முளைப்பாரி கதையைச் சொல்லச் சொல்லுங்கள். நம் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தானியத்தை வெயில் படாமல் முளைக்கவைப்பார்கள், அதனால்தான் பயிர் வெளிர் மஞ்சளாக இருக்கும். ஒரு சிரட்டையை அலமாரிக்குள்ளும் இன்னொன்றை ஜன்னலோரமும் வைத்தால் அந்த வித்தியாசத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

தொட்டியும் மண்ணும்

ஆளுக்கு ஒரு தொட்டி, பேர் எழுதி. இதை விட்டுவிடாதீர்கள். பொதுத் தொட்டி என்றால் அண்ணனும் தங்கையும் தண்ணீர் ஊற்றச் சண்டை போட்டே செடியை மூழ்கடித்துவிடுவார்கள். ஒரு அடி ஆழமுள்ள பை, பழைய பெயிண்ட் வாளி எதுவானாலும் சரி. வாளி என்றால் நன்றாகக் கழுவி, அடியில் நான்கைந்து ஓட்டை போடுங்கள்.

செம்மண், தென்னைநார்த் தூள், மண்புழு உரம் மூன்றும் சம அளவு. நார்த் தூள் கட்டியை முதலில் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். கட்டி ஊதிப் பெருகுவதைப் பார்ப்பதே பிள்ளைகளுக்குத் திருவிழா. கலக்கும் வேலை முழுவதும் அவர்களுடையது. அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

விதை

சின்ன விரலுக்குப் பெரிய விதைதான் வசதி. தட்டைப்பயறு, கொத்தவரை, வெண்டை மூன்றும் வெயிலைத் தாங்கும். வெண்டையை இரவு ஊறவைத்து, விரலால் ஒரு கணு ஆழம் குழி போட்டு, இரண்டு விதை போடச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும், 45 நாள் வாக்கில் காய் பறிக்கலாம். தண்டுக்கீரை விதை கடுகைவிடப் பொடி. ஒரு கை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடையில் வாங்கும் விதை ரோஸ், சிவப்பு என்று சாயம் பூசியதுபோல் இருந்தால் அது மருந்து தடவிய விதை. பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. சமையலறைத் தட்டைப்பயறோ, மருந்து தடவாத நாட்டு விதையோ போதும். அதேபோல் அழகுக்காக அரளி வைத்திருந்தால், பிள்ளை தனியாக விளையாடும் மாடியில் அது வேண்டாம், அத்தனையும் விஷம்.

தண்ணீரும் நிழலும்

காலை ஏழரைக்குள், மாலை ஐந்துக்கு மேல். நடுவில் மொட்டை மாடித் தளம் காலைச் சுட்டுவிடும், பிள்ளையை ஏற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளை மண்ணில் விரல் விட்டுப் பார்க்கட்டும், ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம். பாட்டில் மூடியில் ஊசியால் துளை போட்டுக் கொடுத்தால் அதுவே பூவாளி. சித்திரை நெருங்கும்போது பச்சை நிழல்வலை கட்டுங்கள், பழைய வெள்ளை வேட்டி இருந்தாலும் ஆகும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு முட்டையிடும், தினமும் கொட்டிவிடுங்கள்.

பூச்சி

வெண்டையில் மாவுப்பூச்சி வரும். இலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்குங்கள். கொஞ்சமாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சினாலே போய்விடும். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் நீங்கள் தெளியுங்கள்.

பறிப்பு

கீரை 25 நாள் வாக்கில் ஒரு சாண் வளர்ந்துவிடும். நெருக்கமாக இருப்பதை வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள், மிச்சம் செழிக்கும். ஒரு கைப்பிடிதான் தேறினாலும் அன்றைக்கே பருப்புப் போட்டுக் கடைந்து பிள்ளைக்கு முதலில் பரிமாறுங்கள். வெண்டையைப் பிஞ்சிலேயே பறிக்க வேண்டும், இரண்டு நாள் விட்டால் முற்றிவிடும். அப்படி முற்றியதில் ஒன்றைச் செடியிலேயே காயவிட்டு, உரித்து, ஒரு டப்பாவில் போட்டுப் பிள்ளை பேரை எழுதி வையுங்கள். ஆடியில் அந்த விதையைப் போடலாம்.