கணினி ஆய்வகத்தில் முதல் நாள்: உட்கார்வதிலிருந்து எழுவது வரை

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் வளவு, அதாவது நடு முற்றமுள்ள பகுதி, எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. சுற்றியிருக்கும் அறைகள் மட்டும் ஆளுக்கொன்று, அவரவர் அறைக்கு அவரவர் சாவி. பல்கலைக்கழக ஆய்வகமும் அப்படித்தான்: மெஷின், நெட், பிரிண்டர் எல்லாம் பொது, உங்கள் பாஸ்வேர்டுதான் உங்கள் சாவி. பள்ளியில் கணினியைச் சரியாகத் தொட்டுப் பார்க்காமலே சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, பாஸ்வேர்டை மாற்றுவது. பெரும்பாலும் பதிவு எண்ணையோ பிறந்த தேதியையோதான் பாஸ்வேர்டாக வைத்துக் கொடுப்பார்கள், அது வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், வரும் பட்டியலிலேயே பாஸ்வேர்டு மாற்றும் வழி இருக்கும். தேன்குழல், கண்டாங்கி, மாட்டுவண்டி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து, நடுவில் ஓர் எண்ணைப் போட்டால் மறக்கவும் மறக்காது, யாரும் ஊகிக்கவும் முடியாது. (இதே மூன்றை வைக்காதீர்கள்!)

அடுத்து, அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். நான் படித்த இடத்தில் ஒரு நண்பன், "ஒரு பேப்பர் மட்டும் எடுத்துக்கிறேன்டா" என்று ஓர் ஆய்வுக் கட்டுரைக்காக என் பாஸ்வேர்டைக் கேட்டான். கொடுத்தேன். ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டு, ஓர் ஆய்விதழின் பழைய இதழ்களை எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக இறக்கியிருக்கிறான். காலையில் பதிப்பகம் எங்கள் ஐபி முகவரியையே (இணையத்தில் எங்களை அடையாளம் காட்டும் எண்) அடைத்துவிட்டது. ஒரே முகவரி வழியாகத்தான் எல்லோரும் வெளியே போகிறோம் என்பதால் ஆய்வறிக்கையை முடிக்கும் நேரத்தில் இருந்த அக்காமார் உட்பட யாருக்கும் ஒரு கட்டுரை கூடத் திறக்கவில்லை. பதிவேட்டில் இருந்தது என் பெயர். அந்த அக்காக்களின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

இது கல்லூரி விதியோடு நிற்கிற விஷயமும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி பிரிவுப்படி, அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆகவே கட்டுரை வேண்டுமென்றால் உங்கள் கணக்கிலேயே, படிக்கப் போவதை மட்டும், ஒவ்வொன்றாக எடுங்கள்.

பென் டிரைவ் செருகியதும் உடனே திறக்க வேண்டாம். அதன் மேல் ரைட் கிளிக் செய்து முதலில் ஸ்கேன் கொடுங்கள். உள்ளே உங்கள் ஃபோல்டர்களெல்லாம் மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் அது வைரஸின் வேலையாக இருக்கலாம், இரண்டு முறை தட்டிப் பார்க்காமல் ஆய்வக உதவியாளரைக் கூப்பிடுங்கள். திருட்டு மென்பொருள், டொரண்ட் (பலருடைய கணினிகளிலிருந்து துண்டு துண்டாக ஃபைல் இறக்கும் முறை) இரண்டும் அங்கே கூடவே கூடாது.

தண்ணீர் குடிக்கப் போனாலும் விண்டோஸ் பொத்தானோடு எல்-ஐ அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டுப் போங்கள். வேலை முடிந்ததும் ஜிமெயிலிலிருந்து சைன் அவுட், டவுன்லோட்ஸில் போட்டதை அழித்து, அழித்தவை போய்ச் சேரும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வது, அப்புறம் கணினியிலிருந்தே லாக் அவுட். சைன் அவுட் செய்யாமல் பிரவுசர் ஜன்னலை மட்டும் மூடினால் மெயில் திறந்தபடிதான் இருக்கும்.

நீங்கள் உட்காரும்போது முன்னால் இருந்தவரின் மெயில் திறந்து கிடக்கும், இது அடிக்கடி நடக்கும். ஒரு வரி கூடப் படிக்காமல் சைன் அவுட் கொடுத்துவிட்டு உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.