இரட்டைப் பதிவுகளைச் சரிசெய்த என் அனுபவம்

கோவையில் மோட்டார் பம்பு விற்கும் எங்கள் நிறுவனத்தில் புதிய சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களை ஒரே இடத்தில் வைக்கும்) மென்பொருள் அமைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மென்பொருளை நிறுவுவது சுலபம். பழைய வாடிக்கையாளர் பட்டியல்தான் பாடாய்ப் படுத்தியது. ஒரே டீலர் பில்லிங்கில் ஒரு பெயரில், விற்பனையாளரின் போனில் வேறு பெயரில் இருந்தார். அதனால் இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்க, பெயரை விட்டுவிட்டு போன் எண்ணைப் பிடித்துக்கொண்டேன்.

எண்களும் +91, முன்னால் 0, நடுவில் இடைவெளி என்று பலவிதம். எக்செல்லில் கொண்டுவரும்போதே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று வைக்க வேண்டும். இல்லையென்றால் 12 இலக்க எண் 9.19E+11 என்று சுருங்கி, மென்பொருளில் ஏற்றும் சிஎஸ்வி கோப்பிலும் அப்படியே பதிவாகிவிடும். பிறகு இலக்கம் அல்லாததை எல்லாம் நீக்கி, வலப்பக்கத்து 10 இலக்கங்களை மட்டும் எடுத்தேன். கோவையின் எஸ்டிடி கோடான 0422 சேர்த்து எழுதிய லேண்ட்லைனுக்கும் இது பொருந்தும். வெறும் 7 இலக்கம் இருந்தால் முன்னால் 422 சேர்க்கணும்.

டீலர்களுக்கு ஜிஎஸ்டி எண் இன்னும் நல்ல அடையாளம். அதன் 15 எழுத்துகளில் 3 முதல் 12 வரை பான் எண். வேறு மாநிலக் கிளை இருந்தாலும் அது மாறாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். அப்பாவும் மகனும் ஒரே போனை வைத்துக்கொண்டு தனித்தனிக் கடை நடத்துவார்கள். எண் ஒன்றாக இருந்தவர்களைத் தானாக இணைக்காமல், பட்டியல் எடுத்து விற்பனையாளர்களிடம் கேட்டுத்தான் இணைத்தேன்.

அப்புறம், தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறினால் மூல எக்செல் கோப்பை 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' வடிவில் சேமித்து மறுபடி ஏற்றுங்கள்.