கர்ப்ப காலத்தில் நீர்க்கடுப்பா? 'சூடு' என்று விட்டுவிடாதீர்கள்

மாசமாக இருக்கும் பெண் "ஒன்னுக்குப் போனா எரியுது" என்றால், வீட்டில் பெரியவர்கள் சொல்வது "சூடுதான், பார்லித் தண்ணி குடி." தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் கிருமி இருந்தால் பார்லி அதைக் கொல்லாது. கர்ப்பத்தில் ஹார்மோன் மாற்றத்தால் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து, வளரும் கருப்பையும் அழுத்துவதால் சிறுநீர் தேங்கும். பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை கிருமிதான் அங்கே போய்ப் பெருகுகிறது. இதில் வம்பு என்னவென்றால், 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு எரிச்சலே இல்லாமல் கிருமி இருக்கும்.

படி 1: கல்ச்சர் பற்றிக் கேளுங்கள்

செக்கப்பில் சர்க்கரை, 'உப்பு' (அதாவது புரதம்) பார்க்கும் யூரின் டெஸ்ட் வேறு, சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர் வேறு. "கல்ச்சர் எடுத்தாச்சா டாக்டர்?" என்று முதல் சில மாதங்களுக்குள் கேட்டுவிடுங்கள்.

படி 2: மாதிரியைச் சரியாகப் பிடியுங்கள்

பலரும் சொதப்பும் இடம் இதுதான். வீட்டு டப்பா வேண்டாம், லேபில் தரும் கிருமி நீக்கிய டப்பாவையே வாங்குங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவி, பிறப்புறுப்பை முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவுங்கள். பிறப்புறுப்பின் உதடுகளை விரலால் விலக்கிப் பிடித்தபடி, முதலில் வரும் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிடுங்கள். நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடியுங்கள். டப்பாவின் உட்புறத்திலோ மூடியின் உட்புறத்திலோ விரல் படக்கூடாது. பிடித்த கையோடு லேபில் கொடுத்துவிடுங்கள். வெயிலில் பையில் வைத்துக்கொண்டு சுற்றினால் கிருமி பெருகி ரிசல்ட்டே மாறிவிடும். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். பல கிருமிகள் கலந்து வளர்ந்ததாக வந்தால், பெரும்பாலும் மாதிரி அசுத்தப்பட்டிருக்கிறது. திரும்பக் கொடுக்கச் சொல்வார்கள்.

படி 3: தினசரிப் பழக்கம்

தண்ணீர் நிறையக் குடியுங்கள், அடக்காதீர்கள். சொல்வது சுலபம், பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையை நினைத்தே தண்ணீர் குடிக்காத பெண்கள்தான் நம் ஊரில் அதிகம். கிளம்பும் முன்னும் போய்ச் சேர்ந்ததும் கழித்துவிடுங்கள். மலம் கழித்த பிறகும் முன்னிருந்து பின்னாகவே கழுவ வேண்டும். தாம்பத்திய உறவுக்குப் பிறகு சிறுநீர் கழிப்பது நல்லது. பிறப்புறுப்பில் டெட்டால், வாசனை வாஷ் எதுவும் வேண்டாம்.

படி 4: மாத்திரை

மெடிக்கலில் கேட்டு வாங்கக் கூடாது, போன தடவை மிஞ்சியதையும் போடக் கூடாது. சிப்ரோபிளாக்சசின் போன்ற சில ஆண்டிபயாட்டிக்குகளைக் கர்ப்பத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். டாக்டர் எழுதியதை, எரிச்சல் நின்றாலும் கடைசி மாத்திரை வரை சாப்பிடுங்கள். அப்புறம் கிருமி போய்விட்டதா என்று பார்க்க மறுபடி கல்ச்சர் எடுக்கச் சொன்னால் தட்டாதீர்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவிலோ முதுகுப் பக்கத்திலோ வலி, வாந்தி வந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம், குறைமாதப் பிரசவத்துக்கும் அது காரணமாகலாம். அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்காமல், ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.