அளவான காசில் குசினிக்குச் சட்டி பானை சேர்ப்பது எப்படி?

புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்களும், வேலை மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்து வாடகை வீடு எடுக்கிறவர்களும் முதலில் கை வைப்பது கடை வாசலில் அடுக்கியிருக்கும் பெட்டி செட்டில்தான். பெட்டியின் மேல் '12 துண்டு' என்று பெரிதாக அடித்திருக்கும். திறந்து எண்ணிப் பாருங்கள்: சட்டி ஐந்து, மூடி ஐந்து, நைலோன் கரண்டி இரண்டு. மூடியும் கரண்டியும் துண்டுக் கணக்கில்தான் சேரும். அந்த ஐந்து சட்டியிலும் ஒன்று பால் காய்ச்ச, ஒன்று முட்டை பொரிக்க. நாலு நண்டைப் போட்டுப் பிரட்டவோ, அரைக் கிலோ அரிசி வடிக்கவோ தோதான ஒன்று பெரும்பாலும் இருக்காது.

அதே காசுக்கு ஐந்து சாமானைத் தனித்தனியாகப் பார்த்து வாங்கினால் ஐந்தும் தினமும் அடுப்பில் ஏறும். கீழே சொல்வது நாலு பேர் உள்ள, காஸ் அடுப்பில் சமைக்கிற வீட்டுக்கான கணக்கு.

படி 1: கடைக்குப் போக முன் வீட்டில் அளவெடுங்கள்

அடிமட்டம் ஒன்றும் துண்டுக் கடதாசியும் போதும்.

இரண்டு பேர்னர் அடுப்பென்றால், ஒரு பேர்னரின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். 34 செ.மீ இருந்தால் 24 செ.மீ பானையும் 28 செ.மீ தாச்சியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். காதுகளுக்கு 8 செ.மீ மிஞ்சும். இதை அளக்காமல் அகலமாக இரண்டு வாங்கினால் ஒன்று எப்போதும் பேர்னரின் நடுவை விட்டு விலகி நிற்கும். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது.

அடுத்தது நீத்துப்பெட்டியும் இடியப்பத் தட்டும். வீட்டில் இருந்தால் அவற்றின் அகலத்தை அளந்து கொள்ளுங்கள். சோற்றுப் பானையின் வாய் அவற்றுக்குப் பொருந்தினால் பிட்டு அவிக்க வேறு பானை தேவையில்லை. ஒரு சாமானின் காசு அங்கேயே மிச்சம்.

கடைசியாக, கிழமையில் என்ன சமைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். புளி விட்ட மீன்கறி எத்தனை நாள், பொரியல் எத்தனை நாள், தோசை எத்தனை நாள். எந்த உலோகம் வேண்டும் என்பதை இந்தப் பட்டியல்தான் சொல்லும்.

படி 2: ஐந்து சாமான், ஐந்து வேலை

சோற்றுப் பானை. அலுமினியம், 5 லீற்றர். அரைக் கிலோ அரிசி பச்சையாக 600 மில்லி லீற்றர் அளவில் இருக்கும். வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்காகும். வடிக்கிற சோற்றுக்கு 3 லீற்றர் தண்ணீர் வைக்க வேண்டும். கொதித்துப் பொங்கவும் இடம் வேண்டுமே. அதனால் 4 லீற்றர் பானை பொங்கி அடுப்பை அணைக்கும். 5 லீற்றர் தாங்கும். சோற்றில் புளி இல்லாததால் இந்த வேலைக்கு அலுமினியம் போதும். சூடு எவர்சில்வரை விட ஏறக்குறைய 15 மடங்கு வேகமாக அதில் பரவுவதால் காஸும் வீணாகாது.

மண்சட்டி. மீன்கறிக்கு. சூரையோ பாரையோ, புளியோ கொறுக்காயோ விட்டு வைக்கிற குழம்பு அலுமினியச் சட்டியில் வைக்கக் கூடாதது. புளிப்பும் உப்பும் சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும். கறி கறுக்கும், வாயில் தகரச் சுவை தட்டும், இராத்திரி முழுக்க வைத்திருந்தால் சட்டியின் உள்பக்கம் புள்ளி புள்ளியாகக் குழியும். மண்ணுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இந்த ஐந்திலும் விலை குறைந்ததும் அதுதான். மலிவென்று நினைத்துப் பின்னுக்குத் தள்ளாதீர்கள்.

தாச்சி. இரும்பு, 26 முதல் 28 செ.மீ. மீன் பொரியல், கணவாய் பிரட்டல், மிளகாய் மல்லி வறுத்தல் எல்லாம் இதில்.

எவர்சில்வர் சட்டி. 2 முதல் 3 லீற்றர், அடித்தகடு தடித்தது. பருப்பு, சொதி, ரசம், பால். புளிப்பு பட்டாலும் தாங்கும்; மிஞ்சினதை அதிலேயே வைக்கலாம்.

தோசைக்கல்லு. இரும்பு, 25 செ.மீ அளவில். ரொட்டிக்கும் அதுவே.

பிறஷர் குக்கர் இந்தப் பட்டியலில் இல்லையே என்று கேட்பீர்கள். எங்கள் குசினிகளில் தினமும் வேகுவது மைசூர்ப் பருப்பு. அது திறந்த சட்டியிலேயே கால் மணித்தியாலத்தில் குழைந்துவிடும். கடலை, இறைச்சி அடிக்கடி சமைக்கிற வீடென்றால் மட்டும் ஆறாவதாக 3 லீற்றர் குக்கர் ஒன்று வாங்கலாம். வாங்குமுன் அதே அளவுக்கு ரப்பர் வளையம் தனியாக ஊரில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். வளையம் தேய்ந்து போய் மாற்றுக் கிடைக்காத குக்கர் வெறும் பாரம்தான்.

படி 3: காசைப் பங்கு போடுங்கள்

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, ஆகவே ரூபாவில் சொல்லிப் பயனில்லை. கையில் உள்ளதைப் பத்துப் பங்காக்குங்கள். எவர்சில்வருக்கு 3, சோற்றுப் பானைக்கு 3, தாச்சிக்கு 2, தோசைக்கல்லுக்கு 1½, மண்சட்டிக்கு ½. எவர்சில்வரில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற பிழை. மெல்லிய எவர்சில்வரில் தேங்காய்ப்பால் ஒரே இடத்தில் சூடேறித் திரையும், பருப்பு அடிப்பிடிக்கும்.

ஒரே மாதத்தில் முடியாவிட்டால் முதல் மாதம் சோற்றுப் பானை, மண்சட்டி, தாச்சி. இந்த மூன்றோடு சோறு, கறி, பொரியல் நடக்கும். மற்ற இரண்டும் பிறகு.

படி 4: கடையில் சோதிக்கிற விதம்

மத்திய வீதி, என்.சி. வீதிப் பக்கம் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் விலை வித்தியாசம் தெரியும். ஆனால் விலை கேட்கும் முன் சாமானைக் கையில் எடுங்கள்.

அலுமினியத்துக்கு நிறைதான் சாட்சி. 24 செ.மீ அகலம், 12 செ.மீ உயரம் உள்ள பானை 5 லீற்றருக்குச் சற்றுக் கூடக் கொள்ளும். தகடு 3 மி.மீ தடிப்பென்றால் மூடி இல்லாமல் 1.1 கிலோ வர வேண்டும். தராசில் அரைக் கிலோதான் காட்டினால் தகடு 1.5 மி.மீதான், அது சீக்கிரம் நெளிந்துவிடும், அடியும் உப்பும். இரண்டுக்கும் இடையில் 2 மி.மீக்கு மேல் உள்ளது, 800 கிராமளவு, அளவான காசுக்கு நியாயமான தெரிவு. வார்ப்பு அலுமினியச் சட்டி பார்த்தால் எங்கே வார்த்தது என்று கேளுங்கள். பழைய இயந்திர உதிரிகளையும் கழிவு உலோகத்தையும் உருக்கி வார்த்ததில் ஈயம் கலந்திருக்கக் கூடும். மேற்பரப்பு சொரசொரப்பாக, சிறு துளைகளோடு இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

எவர்சில்வருக்குக் காந்தம் கொண்டு போகச் சொல்வார்கள். கொண்டு போங்கள், ஆனால் அது சொல்வதைச் சரியாக விளங்கிக் கொள்ளுங்கள். 'காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சாமான்' என்பது பாதி உண்மை. 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உள்ள 304 ரகத்திலும் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மங்கனீசு கூட்டிய 201 ரகத்திலும் ஒட்டாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் கடற்காற்றில் 201 முதலில் துருப்புள்ளி போடும். ஆகவே அடியில் 18/8, 18/10 அல்லது 304 என்று பொறித்ததைத் தேடி, பில்லிலும் அதை எழுதித் தரக் கேளுங்கள். எழுதித் தர மறுக்கிற கடையின் பொறிப்பை நம்பத் தேவையில்லை. சட்டியின் சுவரில் காந்தம் ஒட்டாமல் அடியில் மட்டும் ஒட்டினால் அது இன்டக்ஷன் அடுப்புக்கும் ஏற்றது.

கைபிடியைப் பிடித்து முறுக்குங்கள். திருகாணி போட்டது சூட்டில் தளரும், ஆனால் வீட்டிலேயே இறுக்கலாம். ரிவெற் அடித்தது உறுதி. ரிவெற்றைச் சுற்றி இடைவெளி இருந்தால் எண்ணெயும் அழுக்கும் அங்கே தங்கும். நாலு புள்ளியில் ஒட்ட வைத்த கைபிடி நிறைந்த சட்டியைத் தூக்கும்போது பெயரலாம். 5 லீற்றர் பானைக்கு அது வேண்டவே வேண்டாம்.

அடி தட்டையா என்று பார்க்கக் கடைக்காரரின் கண்ணாடி மேசையில் வைத்து ஓரத்தில் விரலால் அழுத்துங்கள். ஆடினால் அடுப்பிலும் ஆடும்.

மண்சட்டியை விரல் மடக்கித் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, 'டொக்' என்று அடைத்த சத்தம் வந்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் ஈரம் கசிந்தால் குற்றமில்லை, சொட்டினால் எடுக்காதீர்கள். பளபளவென்று பூச்சுப் பூசியதையும் தவிருங்கள். மலிவான மெருகுப் பூச்சில் ஈயம் இருக்கலாம். வட்ட அடி விறகடுப்புக்குச் சரி. காஸ் அடுப்புக்கு அடி சற்றே தட்டையானதைப் பொறுக்குங்கள்.

நொன்ஸ்டிக் வேண்டுமென்றால் முட்டைக்குச் சிறிய ஒன்றோடு நிறுத்துங்கள். அதன் பூச்சு 260 பாகை செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் சட்டியை முழு நெருப்பில் விட்டால் சில நிமிடத்தில் அந்தச் சூடு வந்துவிடும். மிளகாய் வறுக்கிற வீட்டில் அது எவ்வளவு நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

படி 5: முதல் கிழமை பழக்குவது

இரும்புத் தாச்சியும் தோசைக்கல்லும் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெயோ மெழுகோ பூசி வரும். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே நெருப்பில் வைத்து ஈரம் போகக் காய விடுங்கள். பிறகு ஒரு தேக்கரண்டி சோயா எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ விட்டு, துணியால் எல்லா இடமும் பூசி, எண்ணெய் இல்லாதது போலத் தெரியும் வரை துடைத்தெடுங்கள். புகை வந்து அடங்கும் வரை 15 நிமிடமளவில் சூடாக்கி ஆற விடுங்கள். இதை மூன்று நாலு தரம் செய்ய வேண்டும். தேங்காய் எண்ணெய் கையில் இருக்கிறதென்று அதைப் பூசாதீர்கள். அது இறுகிப் படையாகப் படியாது. கல்லில் பிசுபிசுப்பு ஒட்டினால் எண்ணெய் கூடிவிட்டது என்று பொருள், திரும்பத் தேய்த்துக் கழுவித் தொடங்குங்கள். படை நன்றாக ஏறும் வரை இரும்பில் புளி, தக்காளி வேண்டாம்.

கடற்கரைப் பக்க வீடுகளில் இரும்பை ஈரத்தோடு வைத்தால் விடியுமுன் செம்மஞ்சள் படிந்திருக்கும். மார்கழி மழைக்காலத்தில் இன்னும் மோசம். கழுவியதும் இரண்டு நிமிடம் நெருப்பில் காட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

எவர்சில்வருக்கு ஒரே ஒரு விதி: உப்பைக் குளிர்ந்த தண்ணீரில் போடாதீர்கள். கரையாத உப்பு அடியில் தங்கித் தகட்டைக் குழியாக்கும். கொதி வந்த பிறகு போட்டுக் கலக்குங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பென்றால் கழுவிய பின் துணியால் துடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் படை ஏறும்.

அலுமினியப் பானை சில நாளில் உள்ளே கறுக்கும். தண்ணீரில் உள்ள தாதுக்களால் வருவது, தீங்கில்லை. தேசிக்காய்த் தோல் இரண்டு போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விட்டால் போகும். சாம்பல் போட்டு மினுக்காதீர்கள். சாம்பலின் காரம் அலுமினியத்தைத் தின்னும்.

மண்சட்டிக்குத்தான் பொறுமை வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். நிழலில் காய விட்டு, அரிசி கழுவிய தண்ணீரோ கஞ்சியோ முக்கால்வாசி விட்டு, மிகக் குறைந்த நெருப்பில் அரை மணித்தியாலம் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்து உள்ளேயே ஆற விட வேண்டும். மூன்று நாள் இப்படிச் செய்தால் மாச்சத்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். நாலாம் நாள் கறி வைக்கலாம். ஒவ்வொரு தரமும் முதல் மூன்று நாலு நிமிடம் சிறு நெருப்புத்தான். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும், அடுப்பிலிருந்து இறக்கி ஈரமான சீமெந்துத் தரையில் வைப்பதும்தான் சட்டி வெடிக்க முக்கிய காரணங்கள். இறக்கி வைக்கச் சாக்குத் துண்டோ தும்புத் திருகணையோ பக்கத்தில் இருக்கட்டும். கழுவச் சோப்பு வேண்டாம், மண் அதைக் குடித்து அடுத்த கறியில் கக்கும். தும்பும் சுடுதண்ணீரும் போதும்.