சிலம்பத்தில் கண்டிப்பு எது, கொடுமை எது: பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிள்ளையைச் சிலம்பத்தில் சேர்த்ததும் பல ஆசான்கள் கையில் கம்பே தர மாட்டார்கள். வெறும் காலடிதான், அதாவது கால் வைத்து நகரும் பயிற்சி, அதுவும் தொடை நடுங்குகிற வரைக்கும். இதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். காலடி சரியில்லாமல் இன்னொருவரோடு கம்பு வீசி ஜோடி போட்டால் அடி கணுக்காலிலோ விரல் முட்டியிலோ விழும், முட்டியில் பட்டால் அன்றைக்குச் சோறு பிசைய முடியாது. லேட்டாக வந்தால் தண்டால், வீச்சு தப்பினால் அதையே ஐம்பது முறை, இதெல்லாம் கண்டிப்புதான்.

பயிற்சி முடிய அரை மணி நேரம் முன்பே போய் ஓரமாக நில்லுங்கள். நல்ல ஆசான் கம்பு நுனியால் பையனின் பின்னங்காலைத் தொட்டு நகர்த்திவிட்டு, அந்தக் கால் அங்கேயே நிற்கிறதா என்று பார்ப்பார். நான் முதலில் கற்ற இடத்தில் ஒரு சீனியர் என் முதுகில் அடித்துவிட்டு, மற்றவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்ப்பார், என் கால் எங்கே இருந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆசானுக்கும் தெரியும், அடி வாங்கினால்தான் உறுதி வரும் என்று விட்டுவிட்டார். குருவைக் குறை சொல்லக் கூடாது என்று நானும் எட்டு மாதம் வீட்டில் வாய் திறக்கவில்லை.

அதனால் "யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் வரும். "இன்னைக்கு யாரோட ஜோடி போட்டே?" என்று கேளுங்கள். தன்னைவிட ரொம்பப் பெரிய ஒரே பையனின் பெயர் தினமும் வந்தால் விசாரியுங்கள். முன்கையில் தழும்பு சகஜம், முதுகில் வரி வரியாக இருந்தால் சகஜம் கிடையாது. வெயிலில் தண்ணீர் தர மறுப்பது, சாதியையோ நிறத்தையோ சொல்லித் திட்டுவது, "வீட்ல சொல்லாதே" என்பது, இதில் ஒன்று இருந்தாலே போதும், அது கொடுமைதான்.

முதலில் ஆசானிடம் தனியாக, எந்த நாள், யார் என்று சொல்லிப் பேசுங்கள். நல்லவர் என்றால் அன்றைக்கே ஜோடியை மாற்றுவார். "அப்போ கூட்டிட்டுப் போங்க" என்றால் கூட்டிப் போய்விடுங்கள், கட்டின பணம் போகட்டும். பலமான காயமோ பாலியல் தொந்தரவோ என்றால் அவரிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், நேராகக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால் முதலில் ஆஸ்பத்திரி, மற்றதெல்லாம் அப்புறம்.

பிள்ளை கம்பை விட மாட்டேன் என்றால் வேறு ஆசானைப் பாருங்கள். நான் அப்படித்தான் மாறினேன். புது ஆசான் என்னை முதலிலிருந்து காலடியில் நிறுத்தினார், மூன்று வாரம் கம்பைத் தொட விடவில்லை.